பாடம் செய்தவர் பேசக் கூடாது

என் மனைவிக்குப் பக்கவாதம் வந்தபோது வலது கையும் பேச்சும் ஒன்றாகப் போயின. கை சில வாரங்களில் ஓரளவு திரும்பியது. டம்ளரைப் பிடிக்கும், தூக்காது. பேச்சு திரும்புமா என்பதுதான் அதன் பிறகு எங்கள் வீட்டில் மிச்சமிருந்த ஒரே கேள்வி. வீட்டில் நாங்கள் இருவர்தான். பிள்ளைகள் இல்லை.

மருத்துவர் இளைஞர். "நாம பேசறது அவங்களுக்கு நல்லாவே புரியுது சார். பொருளும் தெரியுது. பேருதான் வாய்க்கு வரல. பயிற்சி குடுத்தா வரலாம்" என்றார். 'வரலாம்' வகைச் சொற்களை எழுதியே சம்பளம் வாங்கியவன் நான். பல்கலைக்கழகத்தில் துணைப் பதிவாளராக ஓய்வு பெற்றேன். 'பரிசீலிக்கப்படலாம்' என்று நாங்கள் எழுதினால் அதற்கு என்ன பொருள் என்பது எழுதிய எங்களுக்கும் தெரியும், வாங்கிக்கொண்டு போகிறவருக்கும் தெரியும். எந்தக் கோப்பு எந்த மேசையில் நிற்கும், யார் விடுப்பில் போனால் நகரும் என்பதெல்லாம் எனக்கு அத்துப்படி. மூளையில் அடைத்துக்கொண்ட ஒரு ரத்தக்குழாயைப் பற்றி மேல்முறையீட்டை எங்கே செய்வது என்று மட்டும் தெரியவில்லை.

அவளும் அதே பல்கலைக்கழகத்தில்தான் இருந்தாள். மனிதர்கள் எப்படிக் கற்கிறார்கள், அதற்குக் கருவிகள் எந்த அளவுக்கு உதவும் என்பது அவள் படிப்பு. இன்றைக்கு அதற்குக் கற்றல் தொழில்நுட்பம் என்று பெயர். அவள் வேலையில் சேர்ந்தபோது அதன் பெயர் ஒலி-ஒளிப் பிரிவு. சைக்கிள் நிறுத்துமிடத்தை ஒட்டிய ஒரு நீள அறை, படவீழ்த்திகள், ஒரு தொலைக்காட்சிப் பெட்டி. பெட்டி உடைந்தால் தணிக்கையில் பொறுப்பாளர் பதில் சொல்ல வேண்டும் என்பதால், அவளுக்கு முன்னால் இருந்தவர் அதை வாங்கிய நாளின் பிளாஸ்டிக் உறையோடு இரும்பு அலமாரியில் பூட்டி வைத்திருந்தார். ஓய்வு பெறும்போது அதைப் புத்தம் புதிதாக ஒப்படைத்தார். அதற்காக அவரைப் பாராட்டிப் பேசினார்கள். பாராட்டுரையை எழுதிக் கொடுத்தவன் நான்.

பேராவூரணிப் பக்கம் அடுத்தவர் தோப்பிலும் வயலிலும் கூலிக்குப் போன குடும்பம் அவளுடையது. லுத்தரன் விடுதியில் தங்கிப் படித்து, தங்கள் தெருவிலிருந்து முதலில் கல்லூரிக்கு வந்தவள். முனைவர் பட்டம் வாங்கிய பிறகும் வளாகத்தில் அவளுக்குப் பெயர் 'புரொஜெக்டர் மேடம்'. அலுவலக உதவியாளர் ஓடி வருவார்.

"மேடம், ஹால்ல மைக் கொர்ருனு கத்துது. வி.சி. முன்னாடி. கொஞ்சம் வாங்களேன்."

"மைக்குக்கு எலக்ட்ரீஷியன் இருக்காருல்ல?"

"அவரு சாப்புடப் போயிட்டாருங்க. நீங்களும் அதானே படிச்சிருக்கீங்க?"

போய்ச் சரி செய்துவிட்டுத்தான் வருவாள். வீட்டுக்கு வந்து, "எலக்ட்ரீஷியன் சாப்பிடப் போனா டாக்டரேட் வேலை செய்யுது. டாக்டரேட் சாப்பிடப் போனா என்ன ஆகும்னு இதுவரைக்கும் யாருக்கும் தெரியல" என்பாள்.

பிரிவின் பெயர் மாறிக்கொண்டே இருந்தது. கல்வி ஊடக மையம் ஆயிற்று, கல்வித் தொழில்நுட்ப மையம் ஆயிற்று, பிறகு மின்வழிக் கற்றல் மையம். ஒவ்வொரு முறையும் சுற்றறிக்கை என் பிரிவிலிருந்துதான் போகும். பலகை மட்டும் புதிது. அறை அதே சைக்கிள் நிறுத்துமிடத்தை ஒட்டியே இருந்தது.

ஆனால் அந்த அறைக்குள் அவள் ஒரு வழக்கத்தை உண்டாக்கியிருந்தாள். ஒலிநாடாவோ, படமோ, கணினிப் பாடமோ, எதைச் செய்தாலும் முதலில் அதை ஒரே ஒரு பிள்ளையிடம் கொடுத்துப் பார்க்க வேண்டும். செய்தவர் பக்கத்தில் உட்கார்ந்து பார்க்கலாம். வாயைத் திறக்கக் கூடாது. பிள்ளை எங்கே முழிக்கிறது, எங்கே திரும்பிப் போகிறது, எங்கே சலித்து ஜன்னலைப் பார்க்கிறது என்று கவனித்துவிட்டு வந்து பாடத்தைத் திருத்த வேண்டும். பிள்ளையைத் திருத்தக் கூடாது. இதற்காகப் பெரிய பேராசிரியர்களையெல்லாம் திருவையாற்றுப் பக்கத்துப் பள்ளிக்கூடங்களுக்கு அழைத்துப்போய் அரை மணி நேரம் சும்மா உட்கார வைப்பாள். அவர்களுக்கு அதைவிடக் கொடுமை வேறில்லை. இயற்பியல் பேராசிரியர் ஒருவர் பொறுக்க முடியாமல், "அதில்லம்மா, அந்த ஊசல் குண்டைப் பாரு" என்று ஆரம்பித்துவிட்டாராம். இவள், "சார், கேசட் போற வீட்டுக்கெல்லாம் நீங்களும் கூடவே போவீங்களா?" என்று கேட்டிருக்கிறாள். அவர் பிறகு பாடக் குழுக்கள் எதிலும் அவள் பெயரைச் சேர்க்கவில்லை.

பேராசிரியர் பதவிக்கு அவள் கோப்பு நகர்ந்த கதையும் அதே மாதிரிதான். அவள் படிப்பு தங்கள் பாடத்துக்குள் வராது, அது கணினி என்றார்கள் கல்வியியல்காரர்கள். கணினிக்காரர்கள் அது கல்வியியல் என்றார்கள். இரண்டு குறிப்பும் எங்கள் பிரிவுக்கு வந்தன. இம்மாதிரி முடிச்சை அவிழ்ப்பது எனக்குக் கைவந்த கலை. எந்தப் பட்டம் எதற்குச் சமம் என்று தீர்மானிக்கும் இணைத்தன்மைக் குழு ஒன்றைக் கூட்டி, வெளியிலிருந்து இரண்டு வல்லுநர்களை அழைத்து, ஆட்சிக்குழுவில் வைத்தால் முடிந்தது. எத்தனையோ பேருக்குச் செய்திருக்கிறேன். ஆனால் உறவினர் கோப்பை ஓர் அலுவலர் தொடக் கூடாது என்பது விதி. 'இவர் என் மனைவி, கோப்பைப் பார்க்க இயலாது' என்று எழுதி அடுத்த மேசைக்குத் தள்ளினேன். அடுத்த மேசைக்காரருக்கு அந்த வித்தை தெரியாது. அவர் அதைக் கல்வியியலுக்கே திருப்பி அனுப்பினார்.

"எல்லாருக்கும் வழி தெரிஞ்ச ஆளு, எனக்கு மட்டும் கண்ணைக் கட்டிக்கிட்டு உக்காந்துட்டீங்க" என்றாள் ஒரு நாள், மீன் ஆய்ந்துகொண்டே. கோபமாக இல்லை.

"விதின்னு ஒண்ணு இருக்குல்ல."

"இருக்கு. அத நான் இல்லன்னா சொன்னேன்? இந்தா, வால் பக்கம் உங்களுக்கு."

கொரோனா வந்து கதவுகள் மூடியதும் எல்லோருக்கும் அவள் நினைவு வந்தது. கைபேசி ஓயவில்லை. பழுப்பேறிய குறிப்புகளைக் கேமராவுக்கு எதிரே வாசித்துவிட்டு, மாணவர்கள் கவனிக்கவில்லை என்று புகார் சொன்னார்கள். "கேமராதான் சின்னதாயிருக்கு. மத்ததெல்லாம் அப்படியே இருக்கு" என்று சொல்லிவிட்டு எல்லோருக்கும் உதவினாள். இணைப் பேராசிரியராகவே ஓய்வு பெற்றாள். அவள் போன பிறகு தனித் துறையே வந்தது. புதுக் கட்டடம், கண்ணாடிக் கதவு, தலைவராகக் கணினித் துறைக்காரர். திறப்பு விழா அழைப்பிதழில் அவள் பெயர் இல்லை. மேடையில் மைக் கத்தியதா என்று மட்டும் விசாரித்தாள்.

அந்த வாய்தான் மூடிக்கொண்டது.

பேச்சுப் பயிற்சி தர வாரத்துக்கு இரு முறை ஒரு பெண் வந்தார். கெட்டிக்காரப் பெண். மற்ற நாட்களுக்கு ஒரு டேப்லெட் கணினியில் செயலி ஒன்றை ஏற்றிக் கொடுத்தார். படம் வரும், குரல் கேட்கும், தொட வேண்டும், திருப்பிச் சொல்ல வேண்டும். முதல் படம் ஆப்பிள். அடுத்தது பனிமனிதன். தஞ்சாவூரில் வைகாசி மாத வெயிலில் என் மனைவி பனிமனிதனைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். எங்கே தொட்டாலும், தவறாகத் தொட்டாலும், அந்தக் குரல் சபாஷ் என்றது. வாழ்நாள் முழுக்க இவ்வகைப் பாடங்களைக் கிழித்துப் போட்டவள், இப்போது அதன் முன்னால் மாணவியாக உட்கார்ந்து, கிழிக்கக் கை இல்லாமல் இருந்தாள். கண்ணில் நீர் வந்தது. நான் டேப்பை மூடி வைத்தேன்.

சரி, பாடத்தை நாமே செய்வோம் என்று இறங்கினேன். முறையாகவே செய்தேன். ஒரு நாளில் அவளுக்கு என்னென்ன சொற்கள் தேவைப்படும் என்று யோசித்தேன். காபி, மாத்திரை, போர்வை, கழிப்பறை, வலி. ஒவ்வொன்றையும் கைபேசியில் படம் எடுத்தேன். வலிக்கு என் முகத்தையே சுளித்து எடுத்துக்கொண்டேன். பழைய பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு ஸ்டூடியோவில் கொடுத்து அட்டைகளாக்கச் சொன்னேன். அந்தப் பையனிடம் கைபேசியைக் கொடுத்துவிட்டு டீ குடிக்கப் போனது தவறு. அவன் அதிலிருந்த படங்களையெல்லாம் அச்சடித்து உறையிட்டு வைத்திருந்தான். நான் எப்போதோ எடுத்த கண்ட படங்களும் அட்டைக்கட்டில் சேர்ந்துவிட்டன.

காலையும் மாலையும் பாடம். அட்டையைக் காட்டுவேன். அவள் உதடு குவியும். தொண்டையில் ஏதோ எழும்பும். "காபி. காபின்னு சொல்லு. கா..." என்பேன். அவள் என் வாயையே பார்ப்பாள். "கா" என்று ஒரு காற்று வரும், அவ்வளவுதான். அடுத்த அட்டை. மழைக்காலம் வரை இப்படியே போயிற்று. பயிற்சிப் பெண், "நிதானமா போங்க அங்கிள்" என்றார். அது எங்கள் அலுவலகத்தில் 'நிலுவையில் வைக்கவும்' என்பதற்குச் சமம்.

ஐப்பசியில் ஒரு மத்தியானம் அவளுடைய பழைய மாணவி பார்க்க வந்தாள். வேதாரண்யத்து உப்பளக் குடும்பத்துப் பெண். என் மனைவியிடம் முதலில் முனைவர் பட்டம் முடித்தவள். இப்போது ஊரில் ஒரு கல்வியியல் கல்லூரியில் இதே பாடத்தை நடத்துகிறாள். சாத்துக்குடிப் பையை வைத்துவிட்டு, ஆசிரியையின் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். பிறகு நான் என் பாடத்தை நடத்திக் காட்டினேன். பெருமையாகவே நடத்தினேன்.

முடிந்ததும் மாணவி என்னைக் கூடத்துக்குக் கூப்பிட்டாள்.

"சார், தப்பா நெனச்சுக்காதீங்க."

"சொல்லும்மா."

"நீங்க பேசறீங்க."

"பேச்சுப் பயிற்சின்னா பேசாம எப்படி?"

"அவங்க படத்தையே பாக்கல சார். உங்க வாயத்தான் பாக்குறாங்க. நீங்க எப்ப விடைய சொல்லுவீங்கன்னு காத்துக்கிட்டிருக்காங்க. பாடம் செஞ்சவங்க வாயத் தொறக்கக் கூடாதுன்னு மேடம்தானே எங்களுக்கு..." மேலே சொல்லாமல் நிறுத்திக்கொண்டாள்.

"தெரியும்மா. வருஷக்கணக்கா அத சோத்தோட சேத்துத் தின்னிருக்கேன்."

"அப்ப ஒரு தடவ சும்மா உக்காந்து பாருங்க சார். நானும் உக்கார்றேன்."

உட்கார்ந்தோம். அட்டைக்கட்டை அப்படியே என் மனைவியின் மடியில் வைத்துவிட்டு, நான் கையைத் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டேன். பேசாமல் இருப்பது எனக்கு இவ்வளவு கஷ்டம் என்று அதுவரை தெரியாது. அலுவலகத்தில் நான் குறைவாகப் பேசுபவன் என்றுதான் பெயர்.

முதலில் அவள் என்னைப் பார்த்தாள். நான் கூரையைப் பார்த்தேன். வெளியே தூறல். கொஞ்ச நேரம் கழித்து இடது கையால் அட்டைகளைக் கலைத்தாள். காபியை எடுத்தாள், தரையில் போட்டாள். மாத்திரையைப் போட்டாள். போர்வை, கழிப்பறை. என் சுளித்த முகத்தைக் கொஞ்சம் அதிக நேரம் பார்த்தாள். அதையும் போட்டாள். மாணவி உதட்டைக் கடித்துக்கொண்டு சிரிப்பை அடக்கினாள். நான் சிரிக்கவில்லை.

மடியில் மிஞ்சியவை ஸ்டூடியோ பையன் தவறுதலாக அச்சடித்தவை. புதாற்றுக் கால்வாயில் தண்ணீர் முழுக்க ஓடும் படம். எதிர்வீட்டு நாய். பேராவூரணி பஸ். பட்டமளிப்பு நாளில் அதே மாணவி அங்கியோடு நிற்கும் படம். ஒரத்தநாட்டுச் சாலையில் பாதி ரோட்டை அடைத்து நெல் காயும் படம், மேலே கறுத்த வானம். ஐந்தையும் அவள் வரிசையாகத் தொடை மேல் அடுக்கிக்கொண்டாள்.

நான் தேர்ந்தெடுத்தவை எல்லாம் அவளைப் பார்த்துக்கொள்பவனுக்கு வேண்டிய சொற்கள். அவளிடமிருந்து நான் கேட்டு வாங்க வேண்டிய விண்ணப்பங்கள். காபி வேண்டுமென்றால் அவள் சமையலறைப் பக்கம் பார்ப்பாள், எனக்குப் புரிந்துவிடும். அதற்குச் சொல் எதற்கு? பேசுகிறவர்கள் அதற்காகவா பேசுகிறார்கள்?

அதன் பிறகு அந்த ஐந்து அட்டைகள்தான். நான் பக்கத்தில் இருப்பேன், பேச மாட்டேன். மாணவி வாரக் கடைசியில் வருவாள், அவளும் பேச மாட்டாள். வீட்டுக்குள் மூன்று பேர் மணிக்கணக்காக மௌனமாக இருப்பதைப் பார்த்த எதிர்வீட்டம்மா, "தியானமாங்க?" என்று கேட்டுவிட்டுப் போனார்.

முதலில் வந்தது நாய். "நாயி." தெளிவாக. அவளே திடுக்கிட்டாள். நாயைப் பார்த்தல்ல, படத்தைப் பார்த்துத்தான் சொன்னாள். ஆனால் வெளியே நாய் குரைத்தது போல நான் எழுந்து நின்றுவிட்டேன். பிறகு பஸ்ஸு வந்தது, தண்ணி வந்தது. மாணவியின் படத்துக்குப் பெயர் வரவில்லை. ஒரு நாள் "உப்பு" என்றாள். மாணவி அன்றைக்குச் சமையலறைக்குள் போய் முகத்தைக் கழுவிக்கொண்டு வந்தாள்.

மார்கழியில் ஒரு சனிக்கிழமை மத்தியானம். மாணவி தன் கைபேசியில் காணொளியாகப் பதிவு செய்துகொண்டிருந்தாள். பயிற்சிப் பெண்ணுக்கு அனுப்ப வேண்டும் என்று நான்தான் கேட்டிருந்தேன். என் மனைவி நெல் காயும் படத்தை எடுத்தாள். வெகுநேரம் பார்த்தாள். "நெல்லு" என்றாள். நாங்கள் அசையவில்லை. விரலை மேலே நகர்த்திக் கறுத்த வானத்தின் மேல் வைத்தாள். வாய் இரண்டு முறை திறந்து மூடியது.

"நெல்லு... நனையும்."

படத்தில் மழை இல்லை. நெல் காய்ந்துகொண்டுதான் இருக்கிறது.

மாணவி மெதுவாகச் சொன்னாள். "பேரு சொல்லல சார். சேதி சொல்றாங்க."

அன்றைக்கு நான் கடைத்தெருவுக்குப் போய் விரால் வாங்கி வந்தேன். பேச்சு வந்துவிடும் என்று நம்பினேன். எந்த விதிக்கும் கட்டுப்படாமல் நம்பினேன். தையில் என்னென்ன அட்டைகள் வேண்டும் என்று அவளையே கேட்டு எடுக்கத் திட்டம் போட்டேன். பேராவூரணிக்கு அழைத்துப்போய் அவள் கை காட்டுவதையெல்லாம் படம் எடுப்பதாக இருந்தது.

பொங்கல் முடிந்த வாரத்தில் இரண்டாவது அடைப்பு வந்தது. இம்முறை மருத்துவர் 'வரலாம்' என்று சொல்லவில்லை. என் தோளில் கை வைத்தார். வீட்டுக்கு வந்த பிறகு அட்டைகளை மடியில் வைத்தேன். பேசாமல் காத்திருந்தேன். அவள் அவற்றைப் பார்த்தாள். அவை என்னவென்று தெரிந்த கண்கள்தான். உதடு குவியவில்லை. தொண்டையில் எதுவும் எழும்பவில்லை. மறுநாளும் வைத்தேன். பங்குனி வரை வைத்தேன். ஒரு நாள் பயிற்சிப் பெண் டேப்பைத் திருப்பி எடுத்துக்கொண்டார். அடுத்து எப்போது வருவார் என்று அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

கோடையில் மாணவி வந்தாள். தயங்கித் தயங்கிக் கேட்டாள். அவர்கள் துறைக்காரர்கள் கூடும் கருத்தரங்கு ஒன்று நடக்கப் போகிறது. எல்லோரும் செயலிகளையும் மென்பொருள்களையும் காட்டுவார்கள். அவள் அந்தப் பதிவைக் காட்ட விரும்பினாள்.

"கத்துக்கறவங்களே பாடத்தத் திருத்துனதுக்கு இத விட என்ன சார் ஆதாரம் வேணும்? மேடம் காலம் பூரா இதத்தானே சொன்னாங்க? யாரும் காது குடுக்கல. இப்ப கேப்பாங்க சார்."

கேட்டிருப்பார்கள். அதில் எனக்குச் சந்தேகமில்லை. மூன்று பலகை மாறியும் அந்த அறைக்குக் கிடைக்காத மரியாதையை, அரை நிமிடப் பதிவு வாங்கித் தந்திருக்கும். எனக்குக் கொடுத்துவிடத்தான் ஆசை. ஆனால் அனுமதி தர வேண்டியவர் கட்டிலில் இருந்தார்.

தலையணையை நிமிர்த்திச் சாய்த்து உட்கார வைத்து, விஷயத்தைச் சொல்லி, பதிவைப் போட்டுக் காட்டினோம். தன் குரலை அவள் கேட்டாள். 'நெல்லு' என்ற இடத்தில் கண் விரிந்தது. 'நனையும்' முடிந்ததும் இடது கையை மெல்லத் தூக்கிக் கைபேசியின் திரையை மூடினாள். உள்ளங்கை முழுவதும் அதன் மேல் இருந்தது. பிறகு முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

"வேண்டாங்கிறா" என்றேன்.

"சரிங்க சார்." அவள் அங்கேயே உட்கார்ந்து அதை அழித்தாள். அழித்ததை ஆசிரியைக்குக் காட்டினாள். போகும்போது செருப்பை மாட்ட வெகுநேரம் ஆயிற்று அவளுக்கு.

எனக்கு அவள் முன்பே அனுப்பியிருந்த பிரதி என் கைபேசியில் இருக்கிறது. அதை யாருக்கும் காட்டியதில்லை. மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு என் மனைவி கண்ணயர்ந்ததும் கூடத்து நாற்காலியில் உட்கார்ந்து போட்டுப் பார்க்கிறேன். ஒலி வைத்தால் உள் அறைக்குக் கேட்டுவிடும். அதனால் அதை அடைத்துவிட்டு உதடுகளை மட்டும் பார்க்கிறேன்.